பனிக்குள் விழுந்த கோல்

அது கோல்தான். நான்தான் இல்லை என்றேன்.

இந்த இரண்டு வரியை எழுத எத்தனையோ வருடம் தயங்கினேன். பேப்பரை எடுப்பேன். மேலே முருகன் துணை என்று எழுதுவேன். அதற்குக் கீழே என்ன எழுதுவது...? அவன் பேருக்குக் கீழேயா என் பொய்யை எழுதுவது? மடித்து வைத்துவிடுவேன். இன்று அவன் பேரைக்கூட மேலே எழுதாமல் ஆரம்பித்திருக்கிறேன். அதற்கு அவனே என்னை மன்னிக்கட்டும்.

எங்கள் நீலமுகில் கால்பந்துக் கழகத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இன்றைக்கு அது சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கிற கிளப். கோயமுத்தூர் வரை போய் ஜெயித்துவிட்டு வருகிறது. மணிப்பூரிலிருந்து வந்த பையன்கள் எங்கள் பஜாரில் நின்று வர்க்கியை டீயில் நனைத்துத் தின்கிறார்கள். ஊருக்கு அதில் பெருமை. எனக்கு மட்டும் அவர்களைப் பார்த்தால் தலை குனிகிறது.

ஆரம்பத்தில் எங்களிடம் என்ன இருந்தது? ஜெகதளா கிராமத்துக்கு மேலே, இன்று கிளப்புக்குத் தலைவராக இருக்கிற போஜண்ணன் வீட்டு உருளைக்கிழங்குக் காடு ஒன்று தரிசாகக் கிடந்தது. அதுதான் மைதானம். ஒரு பக்கம் சரிவு. மேலேயிருந்து கீழே ஆடுகிறவனுக்குக் கொண்டாட்டம், கீழேயிருந்து மேலே ஆடுகிறவனுக்கு மூச்சிரைப்பு. கற்பூர மரத்தை வெட்டிக் கோல் கம்பம் நட்டோம். தேயிலைக் கொழுந்தை மூட்டை கட்டுகிற நைலான் வலைகளைக் கோர்த்துத் தைத்துக் கோலுக்கு வலை கட்டினோம். நான் டீ பேக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை பார்த்தவன். அந்த வலைகளைத் தைத்ததும் நான்தான்.

நான் கோல்கீப்பர். நெற்றி நிறையத் திருநீறு இல்லாமல் மைதானத்துக்குள் கால் வைக்க மாட்டேன். அதனால் என்னை எல்லோரும் சாமி என்றே கூப்பிட்டார்கள்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டத்தின் நடுவே பனிமூட்டம் இறங்கிவிடும். நடுக்கோட்டில் நிற்கிற ரெஃப்ரிக்குக் கோல் கம்பம் தெரியாது. எல்லா ஆட்டத்தையும் நிறுத்தினால் வருடத்தில் பாதி ஆட்டம் நடக்காது. ஆகவே பந்து உள்ளே போனதா இல்லையா என்று கோல்கீப்பரையே கேட்பார்கள். அவன் சொல்வதுதான் தீர்ப்பு!

கீழ்நாட்டுக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் யாரும் பொய் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. எத்தனையோ தடவை ஓடிப்போய், "உள்ள வந்துருச்சுங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன். "சாமி நம்ம டீமா, அவனுக டீமா?" என்று எங்கள் ஆட்களே கேலி செய்வார்கள். அப்படிச் சேர்த்த நல்ல பேர் அது... அதைத்தான் ஒரே நாளில் எடுத்துச் செலவழித்தேன்.

அன்றைக்கு ஜெயிக்கிறவர்கள் மேல் பிரிவுக்குப் போவார்கள் என்ற ஆட்டம். எதிரே தாயகம் டீம். மஞ்சூர் பக்கத்து எஸ்டேட்டில் வேலை செய்கிற, சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களில் யோகராசா என்று ஒருவன். காலில் பந்து ஒட்டிக்கொண்டு வரும். ஆளுக்கு ஒரு கோல் என்று சமமாக நின்றது. பனி இறங்கியது.

வெள்ளைக்குள்ளிருந்து காலடிச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அவன் முகம். என்னை விட்டு நாலு எட்டில்!

நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டேன். முருகா என்றேன்.

கண்ணைத் திறந்தபோது பந்து இல்லை. பின்னால் தேயிலைச் செடிக்குள் சலசலப்பு. கம்பத்துக்கு வெளியே போயும் அது அங்கே விழுந்திருக்கலாம். வலைக் கிழிசல் வழியாகவும் போயிருக்கலாம். ஆனால் என் பிடரியில் சில்லென்று தண்ணீர் கொட்டியது. பனியில் ஊறிய வலை அது. பந்து பட்டு உதறினாலொழிய அப்படிக் கொட்டாது. தைத்தவனுக்குத் தெரியாதா?

ரெஃப்ரி மூச்சிரைக்க வந்தார். "சாமி, உள்ளேயா வெளியேயா?"

"உள்ள போனத நான் பாக்கலீங்க" என்றேன்.

கண்ணை மூடியிருந்தவன் எப்படிப் பார்ப்பான்? பொய் சொல்லாமல் தப்பித்துவிட்டதாக ஒரு நொடி நினைத்தேன். ரெஃப்ரி விடவில்லை.

"கோலா இல்லையான்னு சொல்லுங்க."

"இல்லீங்க."

ஏன் சொன்னேன்? கிளப்புக்காகவா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்ற கோல்கீப்பர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது... அவ்வளவுதான். இவ்வளவு சின்னக் காரணம்!

யோகராசா ரெஃப்ரியின் சட்டையைப் பிடித்துவிட்டான். அவனை வெளியே அனுப்பினார்கள். ஒரு ஆள் குறைந்த டீமை எதிர்த்துக் கடைசியில் ஒரு கோல் போட்டோம். என்னைத் தோளில் தூக்கினார்கள்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில். தாயகத்துப் பையன்கள் எங்களை அங்கே இழுத்தார்கள். தட்டில் சூடம் ஏற்றினார்கள். யோகராசா முன்னால் வந்தான். அவன் மனைவி பரமு அப்போது நிறைமாதம்.

"பந்து உள்ள போனது சத்தியம். பொய்யின்னா பொறக்கப் போற எம்புள்ளைய ஆத்தா எடுத்துக்கட்டும்!" என்று எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்தான்.

அடுத்து என்னைப் பார்த்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு, "ஒரு பந்துக்காக சாமிய இழுக்கறது தப்புங்க" என்றேன். 'எவ்வளவு பெரிய மனுசன் பாரு' என்று கூட்டத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

பயந்து ஒதுங்கினவனைப் பக்திமான் என்றார்கள்! நானும் அந்தப் பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த மாதமே பரமுவுக்குப் பிள்ளை பிறந்தது. மூச்சுவிடச் சிரமப்பட்டது. தங்கவில்லை.

பிறகு அவன் சொன்னதை யார் நம்புவார்கள்? அவனுடைய டீமே நம்பவில்லை. ஒருவன் முகத்தில் ஒருவன் விழிக்க முடியாமல் டீம் கலைந்தது. பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். யோகராசா அதன் பிறகு பந்தைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அதே வருடம்தான் எனக்கும் பெண் பிறந்தது. நல்ல ஆரோக்கியம். இன்று காலேஜ் போகிறாள். பொய் சொன்னவன் நான்... பிள்ளை போனது அவனுக்கு. இது என்ன கணக்கு முருகா? அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் போதும், பூஜை அறையில் போய் விழுந்துவிடுவேன். என் மனைவி என் பாசத்தை மெச்சுவாள். அது பாசமா...!

இந்த வருடம் கிளப்பின் ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை என்றார்கள். விழாவுக்கு முதல் நாள் தலைவர் போஜண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"ஏனுங்க சாமி, முகமே செரியில்ல? நாளைக்குப் பேசறதுக்கு இப்பவே பயமா?"

"அண்ணா, அந்தப் பந்து உள்ளதாங்க போச்சு."

அவர் எந்தப் பந்து என்று கேட்கவில்லை. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"பந்த எடுக்கப் போனவன் நானுங்க. அது கெடந்த எடம் கம்பத்துக்கு நேர் பின்னாடி." சன்னலைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "ஊடு ஊடா ஏறி எறங்கி இந்தக் கதையச் சொல்லித்தானுங்க பசங்கள மைதானத்துக்கு வரவெச்சேன். ஒரு மனுசன் சொல்லுல எழும்பின கிளப்புன்னு. அதப் பிடுங்கிப் போட்டா எதுங்க நிக்கும்? பேசாம வந்து பொன்னாடைய வாங்கிக்குங்க. சைசு பாத்துத்தான் எடுத்திருக்குது!"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை. சிரித்தேன்.

மறுநாள் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். முன் வரிசையில் சின்னப் பிள்ளைகள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "எல்லாம் முருகன் செயல்" என்று வந்தது. கை தட்டினார்கள்.

நான் செய்ததை அவன் தலையில் போட்டுவிட்டு இறங்கினேன்! இது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிடப் பெரியது என்றே நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு மஞ்சூர் பஸ் ஏறினேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று பழம் வாங்கியிருந்தேன். எந்த முகத்தோடு கொடுப்பது என்று பஸ்சிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

யோகராசா எஸ்டேட் குடியிருப்பு வரிசையில் தன் வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கோடாலியைச் சாய்த்து வைத்தான்.

"அட, சாமி! வழி தவறிட்டீங்களா? இது லயம். இங்க கோல் போஸ்ட்டு இல்லையே!"

பரமு உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். "யாரா இருந்தா என்ன, உள்ள கூப்புடுங்க. இருங்கண்ணே, தேத்தண்ணி ஊத்துறேன்."

விளக்கேற்றுகிற நேரம். யோகராசா எனக்கு இடம் விடுவதற்காகச் சாமி படத்துப் பக்கம் நகர்ந்தான். அவன் கை தீப்பெட்டியில் பட்டது.

"அதத் தொடாதீங்க" என்றாள் பரமு. கோபமில்லை. தினமும் சொல்லிப் பழகிய வார்த்தை. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

பொய்ச் சத்தியம் செய்த கை அந்த வீட்டில் சூடம் ஏற்றக் கூடாது என்று இருந்திருக்கிறது. இத்தனை வருடமாக!

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். கண்ணை மூடியது, தண்ணீர் கொட்டியது, இல்லை என்றது, கோயிலில் ஒதுங்கியது... எல்லாம். மேடையில் வாய் அடைத்ததையும் சொன்னேன்.

யோகராசாதான் முதலில் பேசினான். "இத்தன வருசங் கழிச்சு பந்தத் தேடிக் கண்டுபுடிச்சிட்டீங்களாக்கும்!" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மனைவியைப் பார்த்தான்.

"கேட்டியா பரமு? நான் பொய் சொல்லல."

"கேட்டேன்."

அவன் தீப்பெட்டியைக் கையில் எடுத்தான். அவள் தடுக்கவில்லை. ஏற்றுங்கள் என்றும் சொல்லவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அவள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். சாபத்துக்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அப்ப எம்புள்ள ஏண்ணே போச்சு?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

"இவரு பொய்யா சூடம் அடிச்சாரு, அதுக்குத்தான் ஆத்தா எடுத்துக்கிச்சுன்னு இருந்தேன். ஒரு காரணம் இருந்துச்சு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பட்டினி கெடந்து இவரு குத்தத்தக் கழுவுறேன்னு இருந்தேன். இவரு குத்தமே பண்ணலேன்னா... அது ஏன் போச்சு? கோயிலு கோயிலா போறவரு நீங்க. சொல்லுங்கண்ணே."

நான் என்ன சொல்வேன்? பிறந்ததிலிருந்து சாமி கும்பிடுகிறேன். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பால் மட்டும் குடித்து விரதம் இருந்திருக்கிறேன். அவளிடம் இருந்த ஒரே ஒரு ஆறுதல் அந்தக் காரணம்தான். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் அதையும் பிடுங்கிவிட்டு நின்றேன்!

யோகராசா பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான். பஸ் வெளிச்சம் வளைவில் தெரிந்த பிறகு நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன். பின்னால் நகர்ந்துகொண்டான்.

"எங்க பயலுக திருப்பூரு அது இதுன்னு செதறிக் கெடக்கானுங்க. ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் இப்பிடி பஸ் ஏறிப் போவீங்களா? எல்லாருக்கும் எட்டுற மாதிரி சொல்லுங்க. கூட்டிக் குறைக்காம சொல்லுங்க. என்னைய ரொம்ப நல்லவனாக்கிடாதீங்க, ரெஃப்ரி சட்டையப் புடிச்சது நெசம்."

"உன்னைய..."

"ஏறுங்க, பஸ்சு போயிரும்."

அதனால்தான் எழுதினேன். என் மனைவிக்கும் மகளுக்கும் இன்னும் தெரியாது. உங்களோடு சேர்ந்து அவர்களும் இதைப் படிப்பார்கள். போஜண்ணன் என் வீட்டு வாசலை மிதிக்காமல் போகலாம். போகட்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மைதானத்திலோ, பஸ்சிலோ, டீக்கடையிலோ எங்கள் கிளப்பின் கதையை யாராவது பேசினால் இதையும் இப்படியே சொல்லுங்கள். நல்ல மனுசன், ஒரு தடவை சறுக்கிவிட்டான் என்று என் பக்கம் ஒரு சொல் சேர்க்க வேண்டாம். கடைசியில் அவர்கள் மன்னித்தார்கள் என்று முடிக்கவும் வேண்டாம். மன்னிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பரமு கேட்டதை அவள் கேட்டபடியே சொல்லுங்கள். விதி, கர்மம், கடவுள் சித்தம் என்று யாரும் எனக்காக அதற்குப் பதில் எழுதிவிடாதீர்கள். அவள் என்னிடம்தான் கேட்டாள்.