பிரபு பேரில் போட்ட மீன்

நோர்மாந்திப் பகுதியில் இருந்த ஒரு கிறிஸ்தவத் துறவி மடத்தில் ஒனோரே சாமியாருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், எதையும் லேசில் நம்பாததுதான். சமையல்காரர் கில்பேர் "மழை பெய்யுது" என்றால்கூட, "யார் பார்த்தது?" என்று கேட்டுவிட்டுத்தான் ஜன்னல் பக்கம் போவார். மடத்தின் வரலாற்றை எழுதும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். எலி தின்றது போக மிஞ்சிய, ஆட்டுத்தோலில் எழுதிய பழைய ஏடுகளோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினார்.

அதில்தான் வினை வந்தது. மடத்தை நிறுவியவர் ரெனோ பிரபு. வருஷத்தில் ஒருநாள் அவர் நினைவாகப் பருப்புக் கஞ்சிக்குப் பதில் வெண்ணெயில் வதக்கிய விலாங்கு மீன் உண்டு. பிரபுவின் தானப் பத்திரத்தில் மெழுகு முத்திரை ஒரு பட்டுக் கயிற்றில் தொங்கியது. அவர் காலத்தில் முத்திரையைத் தோலிலேயே பதிப்பார்கள். தொங்கவிடும் வழக்கம் வர இன்னும் இருநூறு வருஷம் இருந்தது. பத்திரம் போலி. மேலும் துருவியதில் பிரபுவே போலி.

மடத்துத் தலைவர் தலையைச் சொறிந்தார். "ஏன் சாமி, எண்ணூறு வருஷமா செத்துக் கெடக்குறவரை மறுபடி கொல்லணுமா?"

"செத்திருந்தா விட்டிருவேன் சாமி. பொறக்கவே இல்லையே."

"சரி, நினைவு நாளன்னைக்கு இதை நீங்களே வாசிங்க. நம்புறவங்க நம்பட்டும்."

சாப்பாட்டுக் கூடத்தில் பேச்சு கூடாது. ஒருவர் மேடையில் நின்று வாசிப்பார். மற்றவர்கள் சாப்பிட்டபடி, வேண்டியதைக் கைச்சாடையில் கேட்பார்கள். வாசிப்பவருக்குக் கடைசியில்தான் சாப்பாடு. ஒனோரேவுக்கும் விலாங்கு என்றால் உயிர். வெண்ணெய் வாசம் மேடைவரை ஏறியது. முத்திரைக் கயிற்றில் தொடங்கி, ரெனோ பிரபு என்றொருவர் இருந்ததே இல்லை என்பதுவரை வாசித்து முடித்தார். கீழே ஒருவரும் நிமிரவில்லை. பதினெட்டுப் பேர் உள்ளங்கையை மீன்வால்போல் ஆட்டி இன்னொரு துண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பது வருஷ உழைப்பு இதற்குத்தானா என்று ஒனோரேவுக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லோரும் போனபின் சமையலறைக்குள் நுழைந்தார். கில்பேர் ஒரு கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். பருப்புக் கஞ்சி.

"என் மீன் எங்க?"

"அது பிரபு பேருல போடுற மீனு சாமி. அவருதான் இல்லேன்னுட்டீங்களே. கதவோரமா நின்னு முழுசும் கேட்டேன். ரெண்டாவது துண்டு ஒருத்தருக்கும் போடல. மிச்சமெல்லாம் வாசல்ல நின்ன ஏழைங்களுக்குப் போயிருச்சு. இனிமே வருஷா வருஷம் கஞ்சிதான்."

ஒனோரே எடுத்த கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப நான் வாசிச்சதை நீ நம்புறியா கில்பேரு?"

"நம்பாம? முத்திரை கயித்துலதானே தொங்குது."

ஒனோரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கஞ்சியை ஒட்ட வழித்துக் குடித்துவிட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டார்.