கையைத் தூக்கி நிற்கும் சாம்பல் ஆள்

சாம்பல் நிறத்தில் படம் வரைகிற குழந்தைக்கு மனசு சரியில்லை என்று அர்த்தமா? போன வாரத்திலிருந்து யோசிக்கிறேன்... இன்னும் பதில் கிடைக்கவில்லை.

என் மகள் ஜெனி இரண்டாம் வகுப்பு. வாட்டர் கலரில் ஒரு படம் வரைந்திருந்தாள். பெரிய தாள். நடுவில் ஒரே ஒரு ஆள். தலையிலிருந்து கால்வரை சாம்பல். கைகள் இரண்டும் மேலே. சுற்றிலும் வீடில்லை, மரமில்லை, ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லை!

உதவிக்குக் கூப்பிடுகிறாரோ? ஒற்றைப் பிள்ளையாக வளர்ப்பது தப்போ? மொபைலில் தேடினேன். சாம்பல் என்றால் வெறுமை என்றது ஒரு வீடியோ. தனி உருவம் என்றால் ஏக்கம் என்றது இன்னொன்று. மூன்றாவதைப் பார்க்கத் தைரியமில்லை.

ஓவிய டீச்சரிடம் ஓடினேன். "ரொம்ப ஆழமான படம்! 'தனிமை'ன்னு பேர் போட்டுக் கண்காட்சில வச்சிரலாம்" என்றார். ஆழமாம்... படத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் பூரி சுட்டுக் கொடுத்துவிட்டு, மெல்ல ஆரம்பித்தேன்.

"ஜெனி, இந்த மாமா ஏன் அழுறாக?"

"மாமாவா? அது நம்ம அப்பா! குளிக்கப் போறாக."

என் வீட்டுக்காரர் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி போர்மேன். அலுமினியப் பவுடர் படிந்து, வெள்ளி முலாம் பூசிய மாதிரி வருவார். குளிக்காமல் எதையும் தொடக் கூடாது - இது என் சட்டம். அதனால் கேட்டிலிருந்து பாத்ரூம்வரை கைகளைத் தூக்கிக்கொண்டேதான் நடப்பார்.

"பாக்ஸ்ல சில்வர் இல்ல. கறுப்புல தண்ணி ஊத்தி அடிச்சேன்."

"சரி... பக்கத்துல ஏன் யாருமே இல்ல?"

"நீதான யாரும் போகக் கூடாதுன்ன?"

"அப்ப நான் எங்க இருக்கேன்?"

தாளுக்கு வெளியே, வெறும் மேஜையைத் தொட்டுக் காட்டினாள். "இங்கன நின்னு கத்திக்கிட்டு இருக்க."

"அப்பாகிட்டப் போக முடியலன்னு வருத்தமா இருக்காடா?"

பூரியைப் பிய்த்தாள். "குளிச்சிட்டு வந்து தூக்குவாகல்ல?"

இது ஆமாவா, இல்லையா?

வீட்டுக்காரர் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "எம்புட்டு கரெக்டா வரைஞ்சிருக்கா! ஆனா உங்கம்மாவ விட்டுட்டியே தாயி..."

அவ்வளவுதான். இன்னொரு தாளை எடுத்து ஒட்டிவிட்டாள். என் வாயை மட்டும் பூசணிக்காய் அளவுக்கு வரைந்து வைத்துவிட்டு, "அம்மா, நீ கத்துறதுக்கு என்ன கலர்?" என்று பிரஷ்ஷோடு நிற்கிறாள்.

பவுடர் பிள்ளைக்கு ஆகாது. சட்டத்தை மாற்ற மாட்டேன். படமோ கண்காட்சிக்குப் போகிறது. பார்க்கிறவர்கள் அர்த்தம் கண்டுபிடிக்க முடியாத ஒரு கலர் உங்களுக்குத் தெரிந்தால்... எழுதுங்களேன், ப்ளீஸ்!