என் பெயரில் போன திருத்தங்கள்

நேர்முகத் தேர்விலிருந்து வெளியே வந்ததும் பாய் எனக்குத்தான் போன் செய்தார். நான் அப்போது அடையாறு சிக்னலில் ஆட்டோவுக்குள் இருந்தேன். எப்போதும் வேடிக்கையாகப் பேசுகிறவர், அன்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“மேடம், அந்தத் திட்டத்துல என் பேரு எங்கயாச்சும் கீதா?”

அவர் பெயர் எங்கும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

கணினி, போன் திரைகளில் உள்ளதைப் பார்வையில்லாதவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை நானும் சில நண்பர்களும் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறோம். எங்களில் யாருக்கும் இது வேலை இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். ஒவ்வொரு திருத்தமும் அதற்கான இணையதளத்தில் அனுப்பியவர் பெயரோடு பதிவாகும்.

பாய் தி.நகரில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். மயிலாப்பூர்க்காரர், பிறவியிலேயே பார்வை கிடையாது. நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். நாள் முழுக்க எங்கள் மென்பொருளைக் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர். பஸ்ஸில் வரும் ‘ப’வைப் பல்லில் வரும் ‘ப’ போலச் சொல்கிறது, தி.நகரை ‘தி புள்ளி நகர்’ என்று படிக்கிறது என்று வாட்ஸப்பில் குரல்செய்தி அனுப்புவார். எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரே சொல்லியும் காட்டுவார். நான் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து, என் கணக்கிலிருந்து ஏற்றிவிடுவேன்.

தொடக்கத்தில் அவருக்கென்று ஒரு கணக்கு தொடங்க முயன்றோம். மனிதர்தான் என்று நிரூபிக்க, படங்களில் பேருந்து எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னது அந்தத் தளம். “நீங்களே போட்ருங்க மேடம்” என்று அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் ‘சொன்னவர் இவர்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

அன்று அவர் நேர்முகத்துக்குப் போயிருந்தது, மென்பொருள்களைப் பார்வையில்லாதவர்கள் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிக்கும் வேலைக்கு. எங்கள் மென்பொருளின் குரலில் பாதி தன் காதால் சரியானது என்று சொல்லியிருக்கிறார். எதிரே இருந்தவர்கள் அங்கேயே தேடிப் பார்த்திருக்கிறார்கள். பக்கம் பக்கமாக என் பெயர் மட்டும் வந்திருக்கிறது.

“நான் பொய் சொன்ன மாறி ஆயிட்ச்சு மேடம்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அன்றே அந்த நிறுவனத்துக்கு விளக்கமாக ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து, வேறொருவரை எடுத்துவிட்டோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

அதன்பிறகு ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய குரல்செய்திகளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் மாற்றியதில் முதல் இரண்டு வருடச் செய்திகள் போயே போய்விட்டன. மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாகத் திருத்தங்களோடு பொருத்தினேன். பழைய பதிவுகளில் பெயரை மாற்றினால் மென்பொருளை எடுத்து வைத்திருக்கும் எல்லோருடைய பிரதிகளும் குழம்பும் என்பதால், பங்களித்தோர் பட்டியல் ஒன்றைத் தனியாகச் சேர்க்கலாம் என்று மற்றவர்களிடம் சொன்னேன். குறை சொல்வதும் நிரல் எழுதுவதும் ஒன்றா என்று ஒருவர் கேட்டார். வாதாடத் தெம்பில்லை. அந்தக் குறைகள் ஒன்றுகூட என் காதில் விழவில்லை, அவர் காதில்தான் விழுந்தன என்று மட்டும் எழுதினேன். மூன்று நாள் கழித்து ஒப்புக்கொண்டார்கள்.

பட்டியல் வந்ததும் மயிலாப்பூரில் அவர் வீட்டருகே இருந்த டீக்கடைக்குப் போனேன். அவர் போனில் பட்டியல் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். எங்கள் மென்பொருள் படித்தது. அவருடைய பெயருக்கு நடுவில் ஆய்த எழுத்து வரும். அங்கே வந்ததும் ‘ஆய்தம்’ என்று தனியாகச் சொல்லிவிட்டு மிச்சப் பெயரைப் படித்தது.

“என் பேரையே ஒயுங்கா சொல்லல பாருங்க” என்றார். நான் போனை வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

“வேணாம். இத்த நானே அனுப்புறேன்.”

இப்போது அந்தத் தளத்தில் படங்களுக்குப் பதில் ஒலியைக் கேட்டும் கணக்கு தொடங்கலாம். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக்கேட்டு அவர் கணக்கு தொடங்கித் திருத்தத்தை அடித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை எல்லாம் அழிந்துபோனது. நான் இன்னொரு டீ சொன்னேன். மறுநாள் காலை அலுவலகம் கிளம்புமுன் அவர் அனுப்பியதை மென்பொருளில் சேர்த்துக்கொண்டேன். அவர் பெயரில் பதிவான முதல் திருத்தம் அதுதான்.

அவர் இன்னும் அதே ஆபரேட்டர் வேலையில்தான் இருக்கிறார். இப்போதும் குரல்செய்திதான் வருகிறது. நீங்களே போடுங்கள் பாய் என்பேன். சில நாள் போடுகிறார். மற்ற நாள்களில் நான் போட்டு, கீழே அவர் பெயரை எழுதுகிறேன்.

அந்தப் பழைய செய்திகளுக்கு இடையில் ஒரு பெண்ணின் குரலும் இருந்தது. ‘கி.மீ.’யை எப்படிப் படிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்காட்டுகிறார். யாரென்று நினைவில்லை. அந்தச் செய்தி வந்த எண்ணுக்கு அழைத்தால் அது இப்போது உபயோகத்தில் இல்லை. அந்தத் திருத்தம் என் பெயரிலேயே இருக்கிறது.