மூன்று சங்கரலிங்கங்களும் ஒரு மணல் தட்டும்

1. பிரசாதம்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலில் வந்த ஆள் எங்கள் ஆராய்ச்சியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இது எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. இப்போது கவுன்சலிங் படித்துவிட்டு ஏ.சி. அறையில் உட்காரப் போகும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

சைக்காலஜி எம்.ஏ. முடித்துவிட்டு சங்கரன்கோவிலில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த எனக்கு ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர் வேலை கொடுத்தவர் ஒரு பேராசிரியை. சென்னையில் இருந்தார், மாதம் ஒருமுறை ரயிலில் வருவார். ஊசி போடுவார் என்று நினைத்து ஊரில் எல்லோரும் அவரை டாக்டரம்மா என்றார்கள். அவருடைய ஆராய்ச்சியில் இரண்டு பகுதி. ஒன்று, வீட்டில் சாவு விழுந்து பேச்சற்றுப் போனவர்களை ஒரு தட்டு மணலுக்கு முன்னால் உட்காரவைத்து, சின்னப் பொம்மைகளைக் கொடுத்து, மனதில் இருப்பதை மணலில் அமைக்கச் சொல்வது. இதற்கு சாண்ட் ட்ரே என்று பெயர். இன்னொன்று, செத்துப் பிழைத்தவர்களைத் தேடிப் பிடித்து, போன இடத்தில் என்ன பார்த்தார்கள் என்று கேட்டு எழுதுவது. பிழைத்தவர்கள் சொல்வதில், இழந்தவர்களுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது உண்டா என்பதுதான் அவருடைய கேள்வி.

தட்டை ஆசாரியிடம் செய்யச் சொன்னேன். உள்ளே அடியில் நீலப் பெயின்ட் அடிக்க வேண்டும், மணலை விலக்கினால் தண்ணீர் மாதிரித் தெரிய வேண்டும் என்றேன்.

“தண்ணியே ஊத்திரலாம்லா? எதுக்குப் பெயின்ட்டு?” என்றார் ஆசாரி.

பொம்மைக்கு நான் போன இடம்தான் வினை. எங்கள் ஊர்க் கோவில் வாசலில், நேர்த்திக்கடனுக்கு வாங்கி உண்டியலில் போடத் தகட்டில் அடித்த பாம்பு, தேள், பல்லி, கை, கால், தொட்டில், வீடு எல்லாம் விற்பார்கள். இத்தனை வகை வேறெங்கே கிடைக்கும் என்று அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். கோவிலில் இன்னொன்றும் உண்டு. புற்றுமண் பிரசாதம். நெற்றியில் இடுவார்கள், சொறி சிரங்குக்குப் பூசுவார்கள், தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள்.

எங்கள் மாடி அறை ஆபீசுக்கு முதலில் வந்தவர் மகனை இழந்த பெரியவர். மணலையும் தகட்டுப் பாம்பையும் பார்த்தார். வாசலுக்குத் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றினார். ஒரு சிட்டிகை நெற்றியில் இட்டு, இன்னொரு சிட்டிகையை வாயில் போட்டார். தேளை எடுத்துத் தலையை மூன்று சுற்றுச் சுற்றித் தட்டில் போட்டுக் கும்பிட்டார்.

“மண்ணு கொஞ்சம் கரகரன்னு இருக்கு, தம்பி. ஆனா மனசுக்கு நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அது ஓடை மணல். அவருக்கு வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

டாக்டரம்மா எனக்கு மூன்று ரூல் போட்டிருந்தார். ஒருத்தர் ஃபைலில் இருப்பது இன்னொருத்தர் காதுக்குப் போகக் கூடாது. மணல் மூன்று அங்குலக் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. மணலில் ஒருவர் எதையாவது அமைத்து முடித்ததும், “இது என்னன்னு சொல்றீங்களா?” என்று தன்மையாக ஒரு தடவை கேட்க வேண்டும். எனக்கு மூன்று மாதம் தற்காலிக வேலை. ரூல்படி நடந்தால்தான் நீட்டிப்பு. வருகிறவர்களோ முந்தானையில் ஒரு முடிச்சு, துண்டில் ஒரு முடிச்சு என்று மணலைக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தார்கள். வாரம் ஒரு சாக்கு மணல் சுமந்தேன். என் எம்.ஏ. படிப்பு அதற்குப் பயன்பட்டது.

2. பல்லைப் பிடித்துப் பார்த்தவன்

செத்துப் பிழைத்தவர்களில் எங்களுக்குக் கிடைத்த முதல் ஆள் மேலநீலிதநல்லூர் மாட்டுத் தரகர். பெயர் சங்கரலிங்கம். காய்ச்சலில் மூச்சு நின்றுபோய், சொந்தக்காரர்களுக்கு ஆள் அனுப்பி, சங்கு ஊதுகிறவரும் வந்துவிட்டார். குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றியதும் எழுந்து உட்கார்ந்து, வெந்நீர் போடக்கூட ஆளில்லையா என்று கேட்டாராம்.

“ரெண்டு பேரு வந்தானுவ, வே” என்று எனக்குச் சொன்னார். “ஆளுக்கொரு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போறானுவ. அங்கன ஒருத்தன் பெரிய நோட்டோட உக்காந்திருக்கான். எம் பல்லப் புடிச்சுப் பாத்தான். ‘ஏலே, இது அந்த உருப்படி இல்ல. நான் கேட்டது சங்கரங்கோயில் சங்கரலிங்கம். இவன் நீலிதநல்லூர்க்காரன். கொண்டுபோயி விடுங்கலே’ன்னுட்டான்.”

“பல்லையா பார்த்தான்?”

“பின்ன, வயசு எப்படித் தெரியும்?”

டாக்டரம்மாவின் ஃபாரத்தில் பதினெட்டுக் கேள்வி. ஏழாவது, வெளிச்சம் தென்பட்டதா என்பது. அதற்கும் நீளமாகச் சொன்னார். சொன்னபடியே எழுதினேன், ஆனால் மனசு அதில் இல்லை. காரணம், என் பெயரும் சங்கரலிங்கம். ஊரும் சங்கரன்கோவில். எங்கள் பக்கம் பஸ்ஸில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்புவார்கள். ஆனாலும் அன்றைக்கு, அந்த நோட்டில் இருப்பது நான்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆள் கிடைக்காமல் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மூன்று நாள் சைக்கிளில் ஏறவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பல்லைப் பார்த்துக்கொண்டேன்.

சரியான சங்கரலிங்கத்தை அவர்கள் ஏற்கெனவே அழைத்துப் போய்விட்டார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவருடைய ஃபைல் என் அலமாரியில்தான் இருந்தது.

3. கல்

அந்த ஃபைல் செண்பகம் அம்மாவுடையது. நாற்பது வயது, விசைத்தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும் வேலை. துக்கத்தில் வருகிறவர்களின் ஃபைலில் இறந்தவர் பெயரைத்தான் எழுத வேண்டும் என்பது ஆபீஸ் முறை. அதனால் அட்டையில் இருந்தது அவருடைய கணவர் பெயர், சங்கரலிங்கம். தறி ஓட்டியவர், பகல் ஷிப்டு மட்டும் போகிறவர், திடீரென்று மார்வலி வந்து ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டார். இதையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன். பகல் ஷிப்டு மட்டும் ஏன் என்று கேட்கவில்லை.

கணவர் போனதிலிருந்து அந்த அம்மா யாரிடமும் பேசவில்லை. சாப்பாடும் பேருக்குத்தான். வற்றிப்போய் இருந்தார். இப்படியே விட்டால் இன்னொரு சாவு விழும் என்று பயந்துதான் ஆஸ்பத்திரி நர்ஸ் எங்களிடம் அனுப்பியிருந்தார்.

புதன்கிழமை தோறும் வருவார். பொம்மை எதையும் தொட மாட்டார். மணலில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரலால் ஒரு கோடு இழுப்பார். பிறகு அந்தக் கோட்டில் கிடக்கும் கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டுக்கு வெளியே வைப்பார். ஒரு மணி நேரமும் அதே வேலை.

இது என்ன என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. அரிசியில் கல் பொறுக்குகிற பழக்கம், மணல் மட்டமானது என்று அந்த அம்மாவுக்குக் கோபம். வெட்கமாக இருந்தது. அடுத்த புதனுக்கு முன்னால் ஒரு சாக்கு மணலையும் சல்லடையில் போட்டு மூன்று தடவை சலித்து, ரவை மாதிரி ஆக்கிக் கொட்டினேன்.

அந்த அம்மா வந்தார். கோடு இழுத்தார். கல்லைத் தேடினார். ஒன்றும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். மணல் திருப்தி என்று நான் ஃபைலில் எழுதினேன். இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

4. ஒரே நேரம், இரண்டு பேர்

டாக்டரம்மா ஊருக்கு வருகிற புதன்கிழமைக்கு செண்பகம் அம்மாவுக்கும், சனிக்கிழமைக்குத் தரகருக்கும் போஸ்ட் கார்டு எழுத வேண்டும். இரண்டு அட்டையிலும் சங்கரலிங்கம். இரண்டு கார்டிலும் புதன் காலை பத்து மணி என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

புதன் காலை செண்பகம் அம்மா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் டாக்டரம்மா. தரகர் துண்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். சென்னைக்காரரைப் பார்த்ததும், நான் கை காட்டித் தடுப்பதற்குள், தன் மாட்டுத் தரகில் தொடங்கிப் பல் வரைக்கும் கதையைச் சொல்லி முடித்துவிட்டார்.

செண்பகம் அம்மா தலையைத் தூக்கினார். இத்தனை வாரத்தில் அவர் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன்.

“என்னைக்கு?”

“வெள்ளிக்கிழம. ஐப்பசி அடமழைல.”

“எந்நேரம் திருப்பி விட்டாவ?”

“பொழுது சாய.”

“சங்கரங்கோயில் சங்கரலிங்கம்னுதான் சொன்னாவளா?”

அந்த அம்மா யாருடைய மனைவி என்று தரகருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. “தாயி, நான் அட்ரஸ் குடுக்கல. சத்தியமாக் குடுக்கல. அவனுவ கையில நோட்டு இருந்துது” என்று கும்பிட்டார்.

அந்த அம்மா மண்ணை வாரித் தூற்றப் போகிறார், என் வேலை போச்சு, அவரும் இன்றோடு உடைந்துபோவார் என்று நினைத்தேன். அவர் தூற்றவில்லை.

“அண்ணாச்சி, அந்த வழில வெளிச்சம் இருந்துதா?”

“என்ன தாயி?”

“அவுகளுக்கு மாலக்கண்ணு. பொழுது அடைஞ்சா ஒண்ணும் தெரியாது. ராத்திரி வெளிய போணும்னா நான் முன்னால போயி கல்லு முள்ளப் பொறுக்கிப் போட்டுட்டு, பொறவுதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். அன்னைக்கு விளக்கு வைக்க நேரத்துல தனியால்லா போனாக. எங்க தட்டி விழுந்தாகளோ.”

மூன்று தடவை சலித்த என் மணல் அங்கே வழவழவென்று கிடந்தது.

“வெளிச்சந்தான் தாயி” என்றார் தரகர்.

“நீங்க மாட்டுத் தரகரு. எனக்காவச் சொல்லாதீய.”

தரகர் என் பக்கம் திரும்பினார். “வே, நான் அன்னைக்குச் சொன்னத எழுதுனீருல்லா? எம் ஃபைலுதான, வாசியும்.”

டாக்டரம்மாவைப் பார்த்தேன். முதல் ரூல் அவர் போட்டது. போனால் போகிறது வேலை என்று அலமாரியைத் திறந்தேன்.

“கேள்வி ஏழு. வெளிச்சம் தென்பட்டதா? பதில்: வழி பூராப் பட்டப்பகல். கீழ ஊசி கெடந்தாப் பொறுக்கிரலாம். வெறுங்காலோட நடந்தேன், ஒரு கல்லு தட்டல.”

“எழுத்துல இருக்கா?”

“இருக்கு, அம்மா. நான்தான் எழுதினேன். உங்களை அவருக்குத் தெரியாத காலத்தில் எழுதினது.”

“இன்னொருக்கா வாசிங்க.”

மூன்று தடவை வாசித்தேன். செண்பகம் அம்மா ஓவென்று அழுதார். தரகரும் சேர்ந்து அழுதார். அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்துவிட்டு, “எனக்குப் பசிக்கி” என்றார் அம்மா. தரகர் படியில் தடதடவென்று இறங்கி ஓடி, இட்லிப் பொட்டலத்தோடு வந்தார்.

சாப்பிட்டு முடித்து எழுந்தவர் தட்டிலிருந்து ஒரு கைப்பிடி மணலை அள்ளி முந்தானையில் முடிந்தார். மணல் மூன்று அங்குலத்துக்குக் கீழே இறங்கியது. டாக்டரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னும் வேணும்னா எடுத்துக்கோங்கம்மா” என்றார்.

அவர்கள் போன பிறகு, “மிஸ்டர் சங்கரலிங்கம், ரெண்டு பேருக்கும் ஒரே நேரம் கொடுத்தது யாரு?” என்று கேட்டார்.

“நான்தான் மேடம். பேரு ஒண்ணா இருந்துது, மாறிப்போச்சு.”

“அங்கேயும் உங்கள மாதிரி ஒருத்தர்தான் நோட்டு எழுதறார் போல இருக்கு” என்றார். வேலை நீடித்தது. அதன் பிறகு இருபத்தெட்டு வருஷம் இதே தொழிலில்தான் இருந்தேன்.

தரகர் நிஜமாகவே எங்கேயாவது போய்விட்டு வந்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு அவசரமும் இல்லை. தெரிந்தது ஒன்றுதான், அதைச் சொல்லத்தான் இவ்வளவும். உங்கள் எதிரில் ஒருவர் உட்கார்ந்து கல் பொறுக்கினால், எழுந்துபோய் மணலைச் சலிக்காதீர்கள். யார் நடக்கப் பொறுக்குகிறீர்கள் என்று கேளுங்கள்.