பௌர்ணமி ஞாயிறும் ஒரு ஜலதோஷமும்

"இது வெயில் இல்லைடி. நம்மளை வேக வச்சுட்டு வடிக்க மறந்துட்டா ஆக்கும்" என்பார் என் மாமியார். சித்திரை மாதத்துத் திருவனந்தபுரத்தைப் பற்றி அதைவிடச் சரியாகச் சொன்னவர்களை நான் இன்றுவரை பார்க்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போனது நாலாம் வகுப்பு வரை. மீதிப் படிப்பெல்லாம் இப்படிப் பிறர் வாயிலிருந்து பொறுக்கியதுதான்.

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த பிறகு வந்த ஐந்தாவது கோடை அது. எனக்குக் கல்யாணமாகி வலியசாலைக்கு வந்து இரண்டாவது வருஷம். வீட்டில் நாலு பேர்: மாமனார், மாமியார், இவர், நான். இவருக்கு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. எல்லோருமாக எங்காவது காற்றாடப் போய் வரலாமே என்று வாராவாரம் ஒரு யோசனை சொல்வேன். கையைக் கடிக்காத இடமாகத்தான் பார்த்துச் சொல்வேன். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் மாமனாரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

மியூசியம் தோட்டத்துக்குப் போகலாமா என்றால், "மரத்தடியில உக்காரதுக்கு அத்தனை தூரம் போகணுமா? கொல்லைல மாமரம் நிக்கறது. அது கோவிச்சுக்கும்" என்பார்.

கரமனை ஆற்றங்கரை என்றால், "அங்க போனா என் தங்கை ஆத்துக்குப் போகாம வர முடியாது. போனா சாப்பிடாம வர முடியாது. சாப்பிட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை அவா அத்தனை பேரும் இங்க."

சங்குமுகம் கடற்கரைக்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய பூட்டு. அமாவாசை, பௌர்ணமி, கிரகணம் மாதிரியான பர்வ நாள் தவிர மற்ற நாளில் சமுத்திரத்தைத் தொடக்கூடாது என்பது எங்களவர்களின் கட்டுப்பாடு. "தொடக்கூடாததைப் பாத்துட்டு வரதுக்கு ஒரு பஸ்ஸா? பத்மநாபனே வருஷத்துக்கு ரெண்டு ஆராட்டுக்குத்தான் சமுத்திரத்துக்குப் போறார். நமக்கென்ன அவசரம்?"

பத்மநாபனுக்கு இல்லாத அவசரம் எனக்கு இருந்தது. நான் கடலைப் பார்த்ததே இல்லை. "திருச்செந்தூர்ல மொட்டை அடிச்சப்போ பாத்தியே" என்பாள் என் அம்மா. ஒரு வயதில், நாவிதரிடம் தலையைக் கொடுத்துவிட்டு அலறிக்கொண்டிருந்தவள் பார்த்ததெல்லாம் பார்த்ததில் சேர்த்தியா?

அதனால் பூட்டுக்குச் சாவியைப் பஞ்சாங்கத்திலேயே தேடினேன். அமாவாசை உதவாது. அன்றைக்குத் தர்ப்பணம், தனிச் சமையல், அடுப்படியை விட்டு நகர முடியாது. பௌர்ணமியைப் பிடித்தேன். பக்கத்தைப் புரட்டினால் சித்ரா பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்து உட்கார்ந்திருந்தது. மாமனார் எதிரில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துவிட்டுக் கோலமாவு சலிக்கப் போய்விட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சாஸ்திரமே இடம் கொடுத்துவிட்டது. "சரி, ஸ்நானத்துக்காகப் போறோம். வேடிக்கைக்கு இல்லை" என்றார்.

திட்டம் முழுவதும் என்னுடையது. கிழக்கே கோட்டை ஸ்டாண்டிலிருந்து விடிகாலை முதல் பஸ். மணல் சுடுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். ஹோட்டல் வாசலை மிதிக்க வேண்டாம். சமைத்த சாதம் பத்து, தொட்ட கையை அலம்பாமல் வேறெதையும் தொடக்கூடாது; அதை எடுத்துப்போனால் ஆயிரம் தொடாதே. ஆகவே வெல்லமும் தேங்காயும் போட்டுப் பிசைந்த அவல், ஒரு கூஜா சீரகத் தண்ணீர்.

எல்லாம் முடிவான பிறகு, பௌர்ணமிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, எனக்கு நாள் தள்ளிப்போயிற்று.

அந்தக் காலத்தில் இதை வீட்டில் சொல்ல வேண்டியதே இல்லை. மாதம் மூன்று நாள் பின்கட்டு அறையில் ஒதுங்கி உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் தெருவுக்கே செய்தி போய்விடும். அப்புறம் பஸ் குலுங்கும், கடற்காற்று ஆகாது, வாசல்படி தாண்டாதே என்பார்கள். பிரசவத்துக்குப் பிறந்த வீடு, பிறகு கைக்குழந்தை. கடல் எங்கே ஓடிப்போகிறது என்று கேட்பார்கள். கடல் ஓடாது. நான்தான் போக மாட்டேன்.

அதனால் போய் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள், ஒன்றும் ஆகாமலே, ஒரு கட்டு பழைய பத்திரிகைகளுடன். ஆன நாளை மறைத்தால் பாவம். ஆகாத நாளை ஆனதாகச் சொன்னால் அது வெறும் லீவுதானே என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொன்னேன். இவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அங்கேதான் பிசகு. இவர் ஆபீஸிலும் சரி, வீட்டிலும் சரி, விதி என்றால் ஒரு விதியைக்கூட விடாத மனுஷர்.

ஞாயிறு விடிந்தும் விடியாமலும் சங்குமுகத்தில் இறங்கினோம். சூரியன் கடலிலிருந்து எழும் என்று நினைத்திருந்தேன். அது எங்கள் முதுகுப்பக்கம் தென்னந்தோப்பிலிருந்து வந்தது. பரவாயில்லை. கடல் முன்னால் இருந்தது. நான் நினைத்ததைவிடச் சத்தமாக இருந்தது.

மாமனார் சங்கல்பம் சொல்லி மூன்று முழுக்குப் போட்டார். மாமியாரும் போட்டார். இவர் மட்டும் அவல் தூக்கைக் கட்டிக்கொண்டு, காக்காய் ஓட்டியபடி மணலிலேயே நின்றார்.

"எறங்குடா" என்றார் மாமனார்.

"எனக்கு ஜலதோஷம்பா."

"காலம்பற கிணத்துத் தண்ணி ஆறு வாளி விட்டுண்டியே, அதுக்கப்புறமா வந்தது?"

இவர் காக்காயைத் தேடினார். மாமனார் தலையில் அடித்துக்கொண்டு, கரையில் உட்கார்ந்து கண்ணை மூடி ஜபத்தில் இறங்கினார். மாமியார் ஈரப்புடவையோடு மகனைப் பார்த்தார். பிறகு, தண்ணீருக்கு நாலு முழத்தில் நின்ற என்னைப் பார்த்தார். கர்ப்பிணியின் புருஷன் சமுத்திர ஸ்நானம் பண்ணக் கூடாது என்று ஒரு விதி உண்டு. எனக்கு அது அன்றுவரை தெரியாது. அவருக்குத் தெரியும்.

கிட்ட வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "எத்தனை நாளாச்சு?"

"பன்னண்டு."

"அப்ப அந்த மூணு நாள் உள்ள உக்காந்தது வெறுதேயாக்கும்?"

நான் தலையாட்டினேன்.

"அந்த அசடுக்கு யாரு சொன்னா? அதெல்லாம் மாசம் ஏறினப்புறம் பாக்கறது. இப்பவே காக்கா ஓட்டிண்டு நிக்கறான்" என்றார். பிறகு மாமனாரை ஒரு பார்வை பார்த்தார். "இப்பச் சொன்னா இந்த க்ஷணமே பஸ் ஏறணும்பார். நான் இன்னும் அவல்கூடத் திங்கலை. நூத்தெட்டு ஜபம் முடியற வரைக்கும்தான். கணுக்கால் வரைக்கும் மதி, அது போறும். என் கையை விடப்படாது."

இறங்கினோம். கணுக்கால் என்பது எங்கள் ஒப்பந்தம், கடலுக்குத் தெரியாதே. முழங்கால் வரை வந்து, போகும்போது காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போனது. நான் மாமியார் கையை நசுக்கிவிட்டேன். அவர் சிரித்ததை அன்றுதான் பல் தெரியப் பார்த்தேன்.

மாமனார் கண்ணைத் திறந்தார். "மாட்டுப்பொண்ணு முழுகலையா?"

"அவளுக்கும் ஜலதோஷம்" என்றார் மாமியார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்திலயா?"

"ஆமா. பத்து மாசத்தில சரியாப்போயிடும்."

அவர் அவலை மென்றுகொண்டே யோசித்தார். பஸ் கிழக்கே கோட்டைக்கு வந்து நின்ற பிறகுதான் அவருக்கு விளங்கியது. இறங்கும்போது, தடுமாறாத எனக்குக் கையை நீட்டினார்.

அதன்பின் வாசல்படி எனக்கு மூடியது, நினைத்தபடியே. ஆனால் அடுத்த பௌர்ணமிக்கு மாமியார் கூஜாவைத் துலக்கி வைத்தார். ஆத்தில் கர்ப்பிணி இருந்தால் அவளுக்காக மாமியார் ஒவ்வொரு பௌர்ணமியும் சமுத்திர ஸ்நானம் பண்ண வேண்டும் என்றார். மாமனார் இருந்த புத்தகங்களை எல்லாம் புரட்டினார். அப்படி ஒரு விதி கிடைக்கவில்லை. கிடைக்காததை இல்லையென்று சொல்லவும் தைரியமில்லை, பேரக்குழந்தை சமாசாரம். கூடவே பஸ் ஏறினார்.

மாமியார் ஒவ்வொரு தடவையும் ஈரப் புடவையோடு வந்து, என் காலை நீட்டச் சொல்லி, கொசுவத்தைப் பிழிந்து கணுக்கால் வரை நனைத்துவிடுவார். முழங்கால் வரை கேட்டால், "பேராசை" என்பார்.