காக்கா எட்டா மொட்டைக்குப் போகிறவர்

இடது கையில் டம்ளர் முழங்காலுக்குக் கீழே, வலது கையில் போகணி தலைக்கு மேலே. இரண்டுக்கும் நடுவே தேநீர் ஒரு பழுப்புக் கயிறாகத் தொங்க, செல்லப்பாண்டி சுவரைப் பார்த்தபடி ஆற்றிக்கொண்டிருக்கிறார். மார்க்கையன்கோட்டை விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கிற சனத்துக்கு அவருடைய முகத்தைவிட முதுகுதான் பழக்கம். பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு எதிரே வயல், வயலுக்கு அப்பால் தென்னை, தென்னைக்கு மேலே மலை. டீ மாஸ்டருக்கு மட்டும் புகை ஏறிய சுவர். அடுப்பைத் திருப்பிப் போட்டால் காற்றாவது வருமே என்று சொல்லாத ஆளில்லை. "காத்து வந்து எனக்கு என்ன செய்யப்போகுது" என்பார்.

ஒடிசலான ஆள். கைகள் மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கி மாட்டியவை மாதிரி முறுக்கேறிக் கிடக்கும். கால் பெருவிரல் இரண்டிலும் நகம் கிடையாது. முழங்காலில் ஒரு புண் ஆறும்போது பக்கத்தில் இன்னொன்று பிறந்திருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கொடுக்க வந்தவர்கள் அந்தக் கால்களைப் பார்த்ததும் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மத்தியானம் கடையில் ஈயாடும் நேரத்தில் அவரைத் தேடுவதென்றால் கிணற்றில்தான் தேட வேண்டும். கடைக்குப் பின்னால் தோட்டத்தில் பெரிய கமலைக் கிணறு ஒன்று இருக்கிறது. படியிருக்கிறது, படியில் அவர் இறங்கமாட்டார். சுவரின் கல் இடுக்குகளில் விரலைக் கொடுத்து, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டே தண்ணீர் வரைக்கும் இறங்குவார், அதே மாதிரி ஏறுவார். மறுபடி இறங்குவார். ஒரு தடவை துணி துவைக்க வந்த புதுப்பெண் கிணற்றை எட்டிப் பார்க்க, கிணற்றுக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பி, "கொஞ்சம் தள்ளி நில்லு தாயி" என்று சொல்ல, அந்தப் பெண் போட்ட சத்தத்தில் உத்தமபாளையம் கோர்ட்டில் ஒரு கேஸையே ஒத்திவைத்துவிட்டதாகச் சொல்வார்கள்.

"என்ன மாஸ்டர், கெணத்துக்குள்ள டீக்கடை போடப் போறீகளா? தவளைக்கெல்லாம் கடன் குடுக்காதீக." இது பலவேசம். நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். வாயைச் சும்மா வைத்திருந்தால் பல் விழுந்துவிடும் என்று பயப்படுகிற மனுசன்.

"ஒனக்கே குடுக்குறேன், தவளைக்குக் குடுத்தா என்னண்ணே" என்பார் செல்லப்பாண்டி, சுவரைப் பார்த்தபடி.

கிணற்றில் அவர் ஏறி இறங்குவது எதற்கு என்று வெளியூர்க்காரன் கேட்டால், பெஞ்சில் இருக்கிறவர்கள் தெற்கே கையைக் காட்டுவார்கள். மலை வரிசைக்குப் பின்னால், இன்னொரு வரிசைக்கும் பின்னால், மேகம் ஒதுங்குகிற நாளில் மட்டும் ஒரு கறுத்த மண்டை தெரியும். அதற்குப் பெயர் காக்கா எட்டா மொட்டை. ஏலத்தோட்டம் தாண்டி, தோட்டத்துக்காரர்களும் போகாத சோலைக்காடு தாண்டி, ஆள் உயரப் புல்லில் யானை நிற்பது யானை தும்மினால்தான் தெரியும் என்கிற மேடு தாண்டிப் போக வேண்டும். அட்டை அந்தக் காட்டில் காலில் ஏறாது, நேரே மேலிருந்து பந்தி விரித்த மாதிரி விழும். பாதி வழியில் ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. அதற்குப் பொண்டாட்டி நினைப்பு என்று பெயர். அங்கே வந்ததும் எந்த வீரனுக்கும் அது வந்துவிடும், திரும்பிவிடுவான். அதையும் தாண்டினால் செங்குத்தாகச் சுவர். சுவரின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. ஏறுவதென்றால் அந்த வெடிப்புக்குள் உடம்பைச் செருகிக்கொண்டு ஏற வேண்டும். ஒரு காலத்தில் காக்காய்கள் பறந்து பார்த்தனவாம். பாதி உயரத்தில் பயத்தில் வெளுத்துப்போய் இறங்கியவைதான் இன்றைக்கு மார்க்கையன்கோட்டை வயலில் கொக்காக நிற்கின்றன. நம்பாதவர்கள் வந்து கொக்கின் முகத்தைப் பார்க்கலாம். இன்னும் திகில் தெளியவில்லை.

அந்த உச்சியில் மனுசர் ஏறித்தான் தீ மூட்டினார்கள். அது ஊர் வழக்கம். மழை பொய்க்கிற வருடம் ஒருவர் எண்ணெய்த் தகரமும் பழந்துணியும் கட்டிக்கொண்டு ஏறிப்போய், பொழுது சாய்கையில் உச்சியில் ஒரு தீ காட்டுவார். அது ஊருக்கு. போனவருடைய பெண்சாதி பிள்ளைத்தாச்சியாக இருந்தால், இறங்குகிற வழியில் இன்னொரு தீ காட்டலாம். அது வீட்டுக்கு. வயிற்றுத் தீ என்று பெயர். கீழே கண்மாய்க் கரையில் ஊர் கூடி நிற்கும். தீ தெரிந்ததும் கொட்டடித்து, பந்தம் சுற்றி, பெண்கள் குலவை போடுவார்கள். பார்த்துவிட்டோம், சந்தோசம் என்று மேலே இருப்பவருக்குச் சொல்லும் பதில் அது.

அரிசிக்கு எல்லாரும் வரிசையில் நின்ற பஞ்ச வருடத்தில் போனவர் செல்லப்பாண்டியின் அண்ணன் தங்கபாண்டி. அவருடைய பெண்சாதி அன்னத்தாய்க்கு அப்போது நிறை வயிறு. சாயங்காலம் உச்சியில் தீ தெரிந்தது. ஊர் கொண்டாடி முடிப்பதற்குள், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வெடிப்புக்குப் பக்கத்துப் பாறைத் திட்டில், இன்னொரு தீ. அன்னத்தாய்தான் முதல் குலவை போட்டாள். கொட்டடித்தவர் பலவேசம். பந்தம் சுற்றியவர்களில் முன்னால் நின்றவர் செல்லப்பாண்டி. மறுநாள் சாயங்காலமும் அதே இடத்தில் தீ எரிந்தது. "ஏலே, ரெட்டைப் பிள்ளைடோய்" என்று பலவேசம் மறுபடியும் கொட்டடித்தார். ஊர் சிரித்தது, மறுபடியும் பந்தம் சுற்றியது, பணியாரம் சுட்டுத் தின்றது. அடுத்த நாள் தீ இல்லை. ஆளும் வரவில்லை. விழுந்து காலொடிந்து அந்தத் திட்டில் கிடந்தவன் கூப்பிட்டிருக்கிறான் என்று அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆட்கள் ஓடினார்கள். அவன் தீ மூட்டிக் கேட்ட மழை அன்றைக்குத்தான் இறங்கியது. வானத்தைப் பொத்துக்கொண்டு கொட்டிய மழையில் காட்டாறு மறித்துக்கொண்டது. போனவர்கள் பொண்டாட்டி நினைப்பைக்கூடத் தொடாமல் திரும்பினார்கள். கண்மாய் மறுகால் பாய்ந்தது. அந்தப் போகம் மாதிரி நெல் பிறகு விளையவில்லை. அன்னத்தாய் வயிற்றில் இருந்தது தங்கவில்லை.

அதற்குப் பிறகு மலையில் யாரும் தீ மூட்டவில்லை. பலவேசம் கொட்டு அடிக்கவில்லை; வாயைத்தான் கொட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்னத்தாய் பொட்டை அழிக்கவில்லை. "கண்ணால பாத்த ஆளு யாராச்சும் சொல்லட்டும், அழிக்கேன்" என்று பெரியவர்களிடம் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் பூ வைக்கிறாள். விசேச வீட்டில் குங்குமச் சிமிழோடு வருகிற பெண்களின் கை அவளுக்கு முன்னால் வந்ததும் அந்தரத்தில் நின்றுவிடும். நீட்டுவதா, தாண்டுவதா? சிலர் சிமிழைக் கீழே வைத்துவிட்டு, மறந்துபோனவர்கள் மாதிரி நகர்ந்துவிடுவார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டிலும் அவளுக்கு இடமில்லை. தாலியறுத்தவர்களோடும் உட்கார முடியாது, மற்றவர்களோடும் உட்கார முடியாது. வாசற்படிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்துவிடுவாள். செல்லப்பாண்டி கிணற்றுச் சுவரில் தொங்குவது இதற்காகத்தான். அண்ணனின் ஒரு எலும்பையாவது கொண்டுவந்து மதினிக்கு ஒரு பதில் சொல்லிவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

தைப்பொங்கல் கழிந்து புல் காய்ந்ததும் கடையைச் சாத்துவார். அன்னத்தாய் அவலும் வெல்லமும் முடிந்து கொடுப்பாள். "பாத்தாலும் சொல்லுங்க கொழுந்தனாரே, பாக்காட்டியும் சொல்லுங்க" என்பாள். ஒவ்வொரு வருடமும் அந்த வெடிப்பின் பாசி அவரைத் துப்பிவிடும். ஒரு வருடம் விலாவெலும்போடு வந்தார், ஒரு வருடம் காய்ச்சலோடு. ஒரு வருடம் கரடி துரத்தி, எதிர்ப்பக்கம் இறங்கி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் ஒரு மலையாளத்துக்காரர் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டுக் கம்பம் வழியாக வந்தார். வந்த மறுநாள் அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். மதினி வருவாள். "பாத்தீகளா?" என்பாள். "இல்ல மதினி" என்பார். "சரி" என்பாள்.

போன முறை அவருடைய வலது தோள் இறங்கிவிட்டது. போகணியைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல், டீ ஒரு முழத்துக்குள்ளேயே ஆறியது. அடுத்த வருடம் ஏற முடியாது என்று அவருக்குத் தெரியும். இந்த வருடமோ மழை பெய்யவே இல்லை. பாசி முழுக்கக் காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. வெடிப்புக்குள் முதுகை ஒரு பக்கமும் பாதத்தை மறுபக்கமும் கொடுத்து, புழு மாதிரி உந்தி உந்தி, பொழுது சாய்கிற நேரத்துக்கு அந்தத் திட்டில் கையை ஊன்றிவிட்டார்.

ஒரு கட்டில் அகலம்தான் திட்டு. துருப்பிடித்த எண்ணெய்த் தகரம் கிடந்தது. பாறையில் கரி இன்னும் அழியவில்லை. வேட்டியைக் கிழித்துக் கிழித்து எரித்தவன், பச்சைக் கரையை மட்டும் ஒரு குச்சியில் கட்டி வைத்திருந்தான், வீசுவதற்கு. அண்ணன் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே முடிந்திருந்தான். அழுகை வரும் என்று நினைத்திருந்த செல்லப்பாண்டிக்கு அது வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. துண்டை விரித்து, எலும்புகளைப் பொறுக்கி, பயபக்தியாகக் கட்டினார். பிறகு, அண்ணன் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தானோ அந்தப் பக்கம் முதல் தடவையாகத் திரும்பினார்.

ஊர் தெரிந்தது. மேகமே இல்லை. கண்மாயில் மிச்சமிருந்த தண்ணீர் ஒரு தாம்பாளம் மாதிரி மின்னியது. கரை தெரிந்தது, கரை மேல் ஒரு வண்டி போவது தெரிந்தது. வெளிச்சம் மங்க மங்க ஒவ்வொரு விளக்காக ஏற்றப்படுவது தெரிந்தது. அப்புறம் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கிக் காற்று கிளம்பியது. யார் வீட்டுக் கல்யாணமோ, மேளம் கேட்டது. ஏதோ கேட்கிறது என்கிற மாதிரி இல்லை. அடுத்த தெருவில் அடிப்பது மாதிரி, எந்த இடத்தில் அடி மாறுகிறது என்று சொல்லுகிற மாதிரி.

விடியும்வரை அவர் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. மேளம் நின்ற பிறகும் எடுக்கவில்லை.

அண்ணன் பார்த்திருக்கிறான். பந்தம் சுற்றியதைப் பார்த்து, வந்துவிடுவார்கள் என்று தைரியமாக இருந்திருப்பான். மறுநாள் இன்னும் பலமாகக் கொட்டு கேட்டதும் மிச்ச வேட்டியையும் போட்டு எரித்திருப்பான். அதற்கு மேல் செல்லப்பாண்டியால் நினைக்க முடியவில்லை. இறங்குகிற வழி முழுக்க ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்: 'விழுந்த ஒடனே உசிரு போயிருக்கு மதினி. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.' அந்த இரண்டு தீயை எங்கே ஒளிப்பது என்று யோசிக்கும் அளவுக்கு அவருக்கு மூளை மிச்சமில்லை.

சின்னமனூரில் பஸ் பிடித்து நேரே கடைக்கு வந்தார். துண்டு முடிச்சிருந்த துணிப்பையை ஓலைத் தட்டிக்குப் பின்னால் மாட்டினார். பாய்லரைப் பற்றவைத்தார். பலவேசம் முதல் ஆளாக வந்து, முதல் டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன மாஸ்டர், இந்த வருசமும் மொட்டை ஒங்களை மொட்டையடிச்சு விட்டுருச்சா?"

செல்லப்பாண்டி வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் அன்னத்தாய் வந்து நின்றுவிட்டாள். தலையில் கதம்பம் இருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். வழக்கமான கேள்வியை அவள் கேட்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்னு வருசக்கணக்கா நெனைக்கேன், கொழுந்தனாரே. அவுகளுக்குப் பெறகு ஏறினவுக நீங்க ஒருத்தருதான். அந்தத் திட்டுல இருந்து பாத்தா நம்ம கம்மாக்கரை தெரியுமா?"

பலவேசம் டம்ளரைத் தரையில் வைத்தார்.

"திட்டுக்குப் போய்ச் சேரல மதினி" என்றார் செல்லப்பாண்டி. "வெடிப்புலயே தோளு விட்டுருச்சு. இந்த வருசமும் ஒண்ணும் பாக்கல."

"சரி. அடுத்த வருசம் பாப்பம்." அவள் திரும்பினாள். இரண்டு எட்டு வைத்து நின்றாள். "வெடிப்பு வரைக்கும் போனீகல்ல. அங்கன நின்னா, கீழ அடிக்கிற கொட்டு கேக்குமா?"

பாய்லரிலிருந்து அப்போதுதான் பிடித்த டீ அவர் கையிலிருந்தது. ஆற்றவில்லை, ஊதவுமில்லை. கொதிக்கக் கொதிக்க அதை அப்படியே வாய் நிறைய ஊற்றிக்கொண்டு, விழுங்காமல், சுவரைப் பார்த்து நின்றார்.