சவரிமுத்து அணைத்த நீல விளக்கு

செவ்வாய்க்கிழமை காலை உறையூரில் எங்கள் பட்டறையைத் திறந்துகொண்டிருந்தேன். சவரிமுத்துவின் மைத்துனர் சைக்கிளை விட்டு இறங்காமலே, "அத்தான் போயிட்டாருங்க" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பாதி வளைத்த கண்ணாடிக் குழாயை மேசையில் போட்டுவிட்டு இப்படியா ஒரு மனிதர் போவார்?

திருச்சியில் நியான் விளக்குப் பலகை மாட்டியிருக்கும் கடைக்காரர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். குழாயை வளைத்து வாயு நிரப்புவது அவர். வாயடித்து ஆர்டர் பிடிப்பது நான். "இந்த வாயுக்களுக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்லங்க. எதோடயும் சேராது. அதான் குழாய் வருஷக்கணக்கா எரியுது" என்பார். ஆனால் குணம் வேறு வேறாம். ஹீலியம் பலூனைத் தூக்கும், தீப்பிடிக்காது. ஆர்கான் பல்புக்குள் இருந்து இழையைக் காக்கும். நியான் தனியாகவே சிவப்பாக ஜொலிக்கும். கிரிப்டானும் செனானும்? "நம்ம பட்டறையை வித்தாலும் வாங்க முடியாதுங்க."

ஐம்பதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கம் சித்திரை வீதி ஜவுளிக்கடை ஒன்றுக்கு எங்கள் முதல் பெரிய பலகையை மாட்டினோம். சிவப்பு நியான். அன்று மாலை பெருமாள் புறப்பாடு. கடையைக் கடக்கும்போது வெண்பட்டெல்லாம் சிவந்துவிட்டது. கடைக்கார ஐயங்கார் பதறிப்போனார். "திருமேனியே சிவந்து போயிடுத்தே! நாளைக்கே கழட்டிடுங்கோ!"

கழற்றினால் அப்புறம் யாரும் எங்களிடம் பலகை கேட்கமாட்டார்கள். பட்டறையை மூட வேண்டியதுதான். நான் வாதாட வாயைத் திறந்தேன். சவரிமுத்து என் கையைப் பிடித்து நிறுத்தி, "அடுத்த புறப்பாட்டுக்குள்ள நீலமா மாத்தித் தரேங்க" என்றார்.

ஆர்கானை நிரப்பினார். சீக்காளி போல ஒரு மங்கல் ஊதாதான் வந்தது. அவர் பெரிய கடைவீதி நாட்டு மருந்துக் கடையில் பாதரசம் வாங்கி வந்து, குழாயில் ஒரு சொட்டு விட்டு, மறுபடி ஆர்கானை நிரப்பினார். நல்ல நீலம் பிடித்துக்கொண்டது. ஐயங்கார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த புறப்பாட்டன்று கடை வாசலில் நின்றிருந்தோம். வீதி முனையில் மேளம் கேட்டது. சவரிமுத்து நேரே உள்ளே போய் சுவிட்சை அணைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அணைக்கறதுக்கா இத்தனை பாடு? அந்தச் சிவப்பையே அணைச்சிருக்கலாமே!"

"நிறம் தப்பா இருக்கறப்ப அணைச்சா அது பயம்தாங்க. சரியா இருக்கறப்ப அணைச்சாத்தான் மரியாதை."

தீவட்டி வெளிச்சத்தில் பெருமாள் கடந்து போனார்.

மாதா கோயில் ஞாயிறு பூசை தவறாத அந்த மனிதர், அதன்பின் ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் டவுன் பஸ் ஏறிப் போய் அந்த விளக்கை அணைத்துவிட்டு வந்தார். "ஐயங்காரே அணைச்சுக்கமாட்டாரா?" என்று நான் சீண்டுவேன். "போட்டது நாமதானேங்க" என்பார்.

அவர் கண்ணாடி வளைத்த ஊதுகுழல்களை மைத்துனர் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தச் சுவிட்ச் போதும். வெள்ளிக்கிழமை புறப்பாடு. நான் பஸ் ஏறுகிறேன்.